இடுப்பு என்று சொல்லக்கூடாது

1. சிறுபோக வேளாண்மைக்குத் தண்ணீர் திறந்த கிழமை, வாய்க்காலின் துரிசு மதகில் இறுகிப்போயிருந்த பலகை ஒன்றைத் தூக்க இரண்டு பேருக்குக் கைகொடுத்தேன். இடுப்பில் சுள்ளென்று ஒரு வெட்டு. பலகை அசையவில்லை.

2. மூன்றாம் நாள் நோ இடுப்பிலிருந்து இறங்கியது. இடது பிட்டம், தொடையின் வெளிப்பக்கம், கெண்டைக்காலின் ஓரம், புறங்கால், பெருவிரல். வரைபடத்தில் வாய்க்கால் கீறியதுபோல் ஒரே கோடு.

3. உம்மா அதற்குக் கால் நோ என்று பெயர் வைத்தார்.

4. அந்தக் கால் நோ என்னுடையது அல்ல, தன்னுடையது என்று உம்மா ஊருக்குச் சொன்னார்.

5. தம்பிலுவில்லில் ஒரு பரியாரியார் உம்மாவின் காலைப் பிடித்துப் பார்த்து நோவெண்ணெய் தந்தார். எண்ணெய் என் காலில் பூசப்பட்டது.

6. அக்கரைப்பற்றில் ஒரு டொக்டர் உம்மாவின் முழங்காலை எக்ஸ்ரே எடுத்துக் குளிசை எழுதினார். குளிசையை நான் விழுங்கினேன்.

7. கல்முனையில் ஒரு சூட்டுக் கட்டிலில் உம்மா பத்து நாள் போய்ப் படுத்தார். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன்.

8. ஐந்தாம் கிழமை, நடக்கும்போது இடது செருப்பு எனக்குத் தெரியாமல் கழன்று பின்னால் கிடந்தது.

9. ஆறாம் கிழமை, வீட்டுக்கு வந்த ஒரு பெண் என் கெண்டைக்காலில் ஏழு கோப்பைகள் கவிழ்த்து இரத்தம் எடுத்தார்.

10. ஒன்பதாம் கிழமை, ஆசுபத்திரியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் உம்மாவைக் குதிகாலால் நடந்து காட்டச் சொன்னார்.

எழுதி முடித்துப் பார்த்தால், இடுப்பு என்ற சொல் இரண்டாவது வரியோடு நின்றுபோயிருக்கிறது. நடந்ததும் அப்படித்தான்.

எங்கள் பக்கம் கலியாணம் ஆகாத பெண்ணுக்கு இடுப்பு நோகக்கூடாது. தலை நோகலாம், பல் நோகலாம், காய்ச்சல் வரலாம். இடுப்பு நோகிறது என்றால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான்: இவள் பிள்ளை பெறமாட்டாள். முள்ளந்தண்டுக்கும் கர்ப்பப்பைக்கும் உள்ள தூரம் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் அக்கறை இல்லை. இரண்டும் இடுப்பில் இருக்கின்றன, அவ்வளவு போதும்.

அப்போது பாலமுனையில் இருந்து எனக்கு ஒரு பேச்சு வந்திருந்தது. மாப்பிள்ளை வந்து இருப்பதற்கு எங்கள் வளவிலேயே எனக்கென்று கட்டிய வீட்டுக்கு டைல்ஸ் பதித்து முடிந்திருந்தது. பூச்சு வேலை மட்டும் பாக்கி. அந்த நேரத்தில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"இடுப்பு எண்டு வாயால சொல்லாத புள்ள," என்றார் உம்மா. "கால் எண்டு சொல்லு. காலுக்கு ஒரு குத்தமும் இல்ல."

"நோ இடுப்பில இரிந்துதானே வருது உம்மா."

"வந்தா வரட்டும். வந்த இடத்த யாரு கேட்ட?"

மறுநாள் காலையில் திட்டம் இன்னும் முன்னேறியிருந்தது.

"எனக்கு எண்டே சொல்லுவம். அம்பது தாண்டின பொம்புளைக்குக் கால் நொந்தா யாரும் ஒண்டும் நினைக்கமாட்டாங்க."

"அப்ப உங்களுக்கு இடுப்பு எண்டே சொல்லலாமே. சரியான மருந்தாவது கிடைக்கும்."

"தாய்க்கு இடுப்பு எண்டா மகளுக்கும் இடுப்பு எண்டுவாங்க. படிச்ச புள்ள, இது தெரியாதா?"

தெரியாதுதான். தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்று வருடம் மண், நீர், கொங்கிரீட் என்று படித்தேன். இதைச் சொல்லித் தரவில்லை.

நான் நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நாளில் பாதி வெளியில். வாய்க்கால் வரம்பு ஒன்றரை அடி அகலம் இருந்தால் அது நல்ல வரம்பு. ஒரு கையில் கொப்பியும் மறு கையில் அளவுகோலுமாக அதில் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும். கால் ஒழுங்காக இல்லாதவருக்கு அலுவலகத்துக்குள் ஒரு மேசை உண்டு. அந்த மேசையில் இருப்பவர்கள் மற்றவர்கள் அளந்து வந்ததைப் படி எடுப்பார்கள். அது எனக்கு வேண்டாம். கலியாணம் உம்மாவின் கவலை. எனக்கு இருந்தது ஒரே கவலை, அந்தக் கால்.

பரியாரியாரைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் காட்டப்பட்டது சுகமான கால். உம்மா வாங்குப் பலகையில் காலை நீட்டி இருந்தார். நான் ஒரு துணையாளைப் போலத் தோளில் பையோடு பக்கத்தில் நின்றேன். அவர் கெண்டைக்காலைப் பெருவிரலால் அழுத்தினார்.

"இதில நோகுதா அம்மா?"

உம்மா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"ஓம், நோகுது."

"இதில?"

மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் விடை கிடைக்கவில்லை.

"அது... கொஞ்சம்."

"மகளைப் பாக்காமச் சொல்லுங்கம்மா. நோ உங்களுக்கோ அவவுக்கோ?"

"எனக்குத்தான். புள்ள எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கிற புள்ள. ஞாபகம் வெச்சிருப்பா எண்டு பாத்தன்."

அவர் சிரித்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் வந்தவர்களிடம் பொய்யைப் பிடிப்பது அவருடைய தொழில் இல்லை. ஒரு போத்தல் எண்ணெய் தந்து, வாய்வான சாப்பாட்டை விடச் சொன்னார். அடுத்த இரண்டு கிழமை எங்கள் வீட்டில் யாரும் கிழங்கு சாப்பிடவில்லை. என் கால் மினுங்கியது. நோ அப்படியே இருந்தது.

டொக்டரிடம் நடந்தது இதைவிடச் சுருக்கம். உம்மா "கால்" என்றார். அவர் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார். ஐம்பது தாண்டிய எந்த முழங்காலை எடுத்தாலும் அதில் கொஞ்சம் தேய்மானம் தெரியும். தெரிந்தது. உம்மாவின் வயதுக்கும் உம்மாவின் எடைக்கும் எழுதிய குளிசைகளை இரண்டு கிழமை நான் சாப்பிட்டேன். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் விழுங்குவது மடத்தனம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் விழுங்கினேன். என் வயிறு எரிந்தது. உம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் இருக்கிறது என்று அறிந்ததுதான் அந்தப் பயணத்தின் ஒரே பலன்.

சூட்டுக் கட்டில் இலவசம். கட்டில் விற்பவர்கள் ஒரு மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டைப் போட்டு, ஊரில் உள்ள எல்லாரையும் வந்து படுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். உள்ளே உருளைகள் சூடாக ஏறி இறங்கும். படுத்து எழும்புபவர்கள் ஒவ்வொருவராக மைக்கில் வந்து தங்களுக்கு எது சுகமானது என்று சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சீனி இறங்கியதாம். ஒருவருக்கு மறதி போனதாம். அவர் இதை இரண்டு நாள் தொடர்ந்து சொன்னார். உம்மா ஒவ்வொரு நாளும் நாற்பது நிமிடம் சுகமாகப் படுத்தார். நான் கதிரையில் இருந்தேன். என் நோய்க்கு நீண்ட நேரம் குந்தியிருப்பதைவிடக் கெட்ட காரியம் அதிகம் இல்லை என்று பிறகு அறிந்துகொண்டேன். பத்தாம் நாள் உம்மா மைக்கைப் பிடித்து, "அல்ஹம்துலில்லாஹ், இப்ப கால் நோ பாதி குறைஞ்சிட்டு," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கதிரையின் கைப்பிடியைப் பிடித்து எழும்பினேன்.

அந்தக் கிழமைதான் செருப்பு கழன்றது. பஸ் நிலையத்தில் ஒரு பெண், "தங்கச்சி, செருப்பு," என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால் பத்தடி பின்னால் கிடக்கிறது. கழன்றதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் இருந்துகொண்டு இரண்டு பெருவிரலையும் மேலே தூக்கிப் பார்த்தேன். வலது விரல் எழும்பியது. இடது விரல் நான் சொன்னதைக் கேட்கவில்லை.

அதை நான் கொப்பியில் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. செருப்பின் வாரை ஒரு சிறு துணித்துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த இடத்தில் வாப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாப்பாவுக்கு வட்டையில், ஊர் வயல்வெளியில், நான்கு ஏக்கர் நிலம். ஒரு காலை நேரம் நான் எண்ணெய்க் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறேன், வாப்பா தொலைபேசியில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போகவில்லை என்று யாரோ முறையிட்டிருக்கிறார்கள்.

"கடைசில நிண்டு மண்ண வெட்டி என்ன செய்யப் போறாய்? தண்ணி கடைசில இரிந்தா வருது? மேல போய்ப் பாரு. துரிசு வாயில சாக்கோ குப்பையோ அடைச்சிருக்கும்."

வாப்பா தொலைபேசியை வைத்ததும் நான் சொன்னேன்: "வாப்பா, என்ட காலும் அதுதான். கடைசி வயல்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். நாற்பது வருடம் தண்ணீரோடு பழகியவர், ஒரு நொடியில் விளங்கிக்கொண்டார். முகத்தில் தெரிந்தது.

"அப்ப மேலதானே பாக்கணும்," என்றார் உம்மாவிடம்.

"நீங்க வட்டையப் பாருங்க," என்றார் உம்மா.

வாப்பா வட்டையைப் பார்த்தார். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனவர் பகல் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். துரிசில் அடைத்திருந்தது ஒரு உரப்பை என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ஹிஜாமா என்கிற அந்தக் கோப்பை வைத்தியத்துக்கு உம்மாவால் ஆள்மாற முடியவில்லை. இரத்தம் நோகிற காலில் இருந்துதான் வர வேண்டும். அதனால் உம்மாவின் தங்கையான சாச்சிக்குத் தெரிந்த ஒரு பெண்ணை வீட்டுக்கு வரவழைத்து, பார்த்ததை வெளியே சொல்வதில்லை என்று, குர்ஆன் மீது இல்லாவிட்டாலும், முதலில் "வல்லாஹி" என்று ஆணையிட வைத்து, பிறகு என் காலைக் காட்டினார்கள். நபிவழி மருத்துவத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் செய்ய வந்தவரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

"நரம்புக்குள்ள கெட்ட ரத்தம் கட்டி நிக்கி," என்றார் அவர், கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டே.

"நரம்புக்குள்ள ரத்தம் ஓடாது," என்றேன்.

அவர் தன் புறங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "அப்ப இஞ்ச பச்சையாத் தெரியிறது என்ன? வயரா?"

எங்கள் மொழியில் அதுவும் நரம்பு, இதுவும் நரம்பு. இரத்தம் ஓடுகிற குழாய்க்கும், செய்தி போகிற கம்பிக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, ஒன்றில் அடைத்தால் மற்றதைக் கீறுகிறோம். அவர் சொன்ன "வயர்" தான் சரியான சொல். அதைப் பகிடியாகத்தான் சொன்னார்.

"படிச்ச புள்ளைகளுக்கு வாய் கூட," என்று சாச்சியிடம் சொல்லிவிட்டு முதல் கோப்பையைக் கவிழ்த்தார். பிறகு, கையை நிறுத்தி, என்னிடம் கேட்டார்: "நோ எங்க இரிந்து தொடங்கின? இடுப்பில இரிந்தா?"

ஆறு கிழமையில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா சொன்னார்: "இடுப்பில ஒண்டும் இல்ல."

"இல்ல, சில பேருக்கு..."

"இல்ல. இடுப்பு இல்ல."

"சும்மாதான் கேட்ட."

"இடுப்பில ஒரு நாளும் நோகல்ல புள்ளைக்கு."

அவர் அடுத்த கோப்பையை எடுத்தார். பெருவிரல் எழும்பாதது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரில் உள்ள எல்லாரையும் இகழ்ந்துகொண்டே எழுதி வருகிறேன், அதனால் இதையும் எழுதியாக வேண்டும்: எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான், நான் படுத்துக்கிடந்து ஏழு கோப்பைகளையும் எண்ணினேன்.

நான்கு நாளில் சாச்சி செய்தியோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்.

"ராத்தா, பாலமுனையால கேக்காங்க. காலா இடுப்பா எண்டு."

"யாரு சொன்ன இடுப்பு எண்டு?" உம்மாவின் கை தேங்காய்த் துருவலில் நின்றது.

"நீங்கதான். இடுப்பில்ல, இடுப்பில்ல எண்டு மூணு தரம் சொன்னயளாம். ஒரு தரம் சொல்லியிருந்தா நம்பியிருப்பாளாம்."

"வல்லாஹி எண்டு சொன்னாளே."

"இடுப்பு எண்டு சொல்லமாட்டன் எண்டு சொல்லல்லியே. நீங்க இல்ல எண்டு சொன்னதத்தான் அவள் சொல்லியிரிக்கா."

உம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கால் நோ தனக்குத்தான் என்பதை அரசாங்க ஆசுபத்திரியில் எழுத்தில் வாங்கிவிட்டால் பாலமுனையில் காட்டலாம். இந்த யோசனையில் உள்ள ஓட்டைகளை எண்ணத் தொடங்கினேன், ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் ஆசுபத்திரிக்குப் போவது எனக்கும் தேவைப்பட்டது. அந்தக் கிழமைதான் வரம்பில் விரல் தடக்கி வாய்க்காலுக்குள் விழுந்திருந்தேன். அளவுகோல் தண்ணீரோடு போய்விட்டது. அதை மீட்டுத் தந்த விவசாயி, "மிஸ், கண் தெரியல்லியா?" என்று கேட்டார். அடுத்த நாள் அலுவலகத்தில் மேலதிகாரி அந்த மேசையைக் காட்டி, "கொஞ்ச நாளைக்கு இதில இருங்க," என்றார்.

தவணை ஒன்பதாம் கிழமைதான் கிடைத்தது. ஆசுபத்திரியில் உம்மா தன் முழங்கால் எக்ஸ்ரேயைக் காட்டினார். அதைப் பார்த்துப் பிசியோதெரபிக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதித் தந்தார்கள். அந்த அறையில் இருந்த பெண் என் வயதுதான் இருப்பார். மேசையில் ஒரு பாதி கடித்த பணிஸ். கதவு திறந்திருந்தது, வெளியே வாங்குகளில் சாய்ந்தமருது ஊரில் பாதி உட்கார்ந்திருந்தது.

"உம்மா, கட்டில்ல மல்லாந்து படுங்க. எந்தக் கால்?"

"இடது," என்றார் உம்மா. இதை மட்டும் சரியாக மனப்பாடம் செய்திருந்தார்.

அவர் உம்மாவின் காலை முழங்கால் மடியாமல் நேராகத் தூக்கினார். அது கொடிக்கம்பம் போல எழும்பியது.

"நோகுதா?"

"ஓம்."

"எங்க?"

"கால்ல."

"நோகிற ஆள் இவ்வளவு உசரத்துக்குத் தூக்க விடமாட்டா உம்மா. எழும்புங்க. குதிகாலால நடங்க பாப்பம், கதவு மட்டும்."

உம்மா நடந்தார். முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பாதங்கள் இரண்டும் வானத்தைப் பார்க்க, விளையாட்டுப் போட்டியில் அணிநடை போகிற பிள்ளையைப் போலக் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

"நல்ல கால்," என்றார் அந்தப் பெண். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் வலது காலில் பாரத்தைப் போட்டுச் சுவரில் சாய்ந்து நின்றேன். அவருடைய பார்வை என் இடது செருப்பில் கட்டியிருந்த துணித்துண்டில் நின்றது.

"நீங்க நடங்க பாப்பம்."

"அவவுக்கு ஒண்டுமில்ல," என்றார் உம்மா.

"ஒண்டுமில்லாட்டி நடக்கலாம்தானே."

செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் நடந்தேன். வலது பாதம் எழும்பி நின்றது. இடது பாதம் ஒவ்வொரு அடிக்கும் சீமெந்துத் தரையில் தட்டென்று விழுந்தது. தட். தட். வெளியே வாங்குகளில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

அவர் என்னைக் கதிரையில் இருத்தி, பெருவிரலின் மேல் தன் ஒற்றை விரலை வைத்தார்.

"இதை மேல தள்ளுங்க."

தள்ளினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"எத்தின நாளா?"

"நாலு கிழமை."

உம்மா என் பக்கம் திரும்பினார். "நாலு கிழமையா? எனக்குச் சொல்லல்லியே புள்ள."

"கால் நோ உங்களுக்குத்தானே உம்மா," என்றேன்.

உம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த வார்த்தையை நான் இன்றுவரை திருப்பி எடுக்கவில்லை.

அந்தப் பெண் எங்கள் குடும்ப விசாரணைக்கு நேரம் ஒதுக்கவில்லை. சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, உட்காருகிற இடம் விறைத்து மரத்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "இருந்தா இண்டைக்கே வார்ட்டில போட்டிருப்பாங்க," என்றார். உம்மாவின் துண்டை மடித்து உம்மாவிடமே கொடுத்துவிட்டு, புதிய துண்டை எடுத்து என் பெயரைக் கேட்டார். எழுதிக்கொண்டே சொன்னார்: "இது கால் இல்ல. இடுப்பு. இடுப்பில டிஸ்க் பிதுங்கி நரம்ப அழுத்துது."

இரண்டு தரம். கதவு திறந்திருக்க. ஒன்பது கிழமை காத்து வைத்த சொல், ஒரு பணிசுக்கும் ஒரு கையெழுத்துக்கும் நடுவில் வெளியே போனது.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மட்டக்களப்பில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் அதை வெளிச்சத்தில் பிடித்து, பேனை முனையால் ஒரு இடத்தைக் காட்டினார். நான் பார்த்ததும் விளங்கியது. துரிசு வாயில் உரப்பை.

அவர் ஒழுங்காகச் சொன்னார். ஒன்பது கிழமையில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை. இந்த நோ வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வெட்டத் தேவையில்லை. கட்டிலில் கிடக்காமல் நடமாடி, பயிற்சி செய்து, தேவைக்கு நோக் குளிசை எடுத்தால் சில கிழமைகளில் தானாகத் தணியும். தணியாத சிலருக்கு முள்ளந்தண்டில் ஒரு ஊசி. அது நோவைக் கொஞ்ச காலத்துக்கு அடக்கும், பலத்தைத் திருப்பித் தராது. பலம் குறைந்துகொண்டு போனால் அது வேறு கதை. "உங்கட விரல்ல பலம் குறைஞ்சிட்டு. இதுக்கு மேல பாத்துக்கொண்டிருக்கிறது நல்லமில்ல. அழுத்தத்த எடுத்துவிடலாம். நோ போகும். விரல் முழுசா வரும் எண்டு நான் வாக்குத் தரமாட்டன். கெதியா வந்திருந்தா இதைவிட நம்பிக்கையாச் சொல்லியிருப்பன்."

உம்மா தொண்டையைச் செருமினார். "டொக்டர், கலியாணத்துக்குப் பிறகு செய்யலாமா?"

"எப்ப கலியாணம்?"

"இன்னும் பேசி முடியல்ல."

அவர் பேனையை வைத்தார். உம்மா விடவில்லை. எட்டிக் குனிந்து, எனக்குக் கேட்காது என்று நினைக்கிற குரலில் கேட்டார்.

"ஒப்பரேஷனுக்கு மறுகா... புள்ள பெறலாமா?"

"பெறலாம். எத்தின வேணும்?"

அவ்வளவுதான். ஒரு சொல் பதில். எண்ணெய்ப் போத்தலும் எக்ஸ்ரேயும் கட்டிலும் கோப்பைகளும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான். அந்தக் கேள்வியை முதல் கிழமையே கேட்க எங்கள் வீட்டில் வாய் இல்லாமல் இல்லை. வாய்கள் எல்லாம் "கால், கால்" என்று சொல்வதில் மும்முரமாக இருந்தன. உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழுதாரா, வேர்த்ததா என்று நான் பார்க்கவில்லை.

சம்மதப் பத்திரத்தை நேர்ஸ் வாப்பாவிடம் நீட்டினார். வாப்பா உம்மாவைப் பார்த்தார். நான் அதை வாங்கிக் கையொப்பம் வைத்தேன். எனக்கு இருபத்தேழு வயது.

ஒப்பரேஷனுக்குப் பிறகு பார்க்க வந்தவர்கள் பிஸ்கட் பெட்டிகளோடு வந்து, முதுகில் கத்தி பட்டால் இனி எழும்பவே முடியாது என்று சொன்னார்கள். நான் எழும்பி அவர்களுக்குத் தேத்தண்ணி போட்டேன். குடித்துவிட்டு, அவசரப்பட்டுவிட்டோம், பரியாரியாரிடம் இன்னும் கொஞ்ச நாள் பார்த்திருக்கலாம் என்றார்கள்.

இப்போது ஏழு மாதம். கால் நோ இல்லை. இடது பெருவிரல் பாதி உயரம் எழும்புகிறது. கடைசி இரண்டு மாதத்தில் அதில் மாற்றம் இல்லை, காலை மாலை பயிற்சி செய்கிறேன். பாலமுனையில் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புது வீடு பூட்டிக்கிடக்கிறது. செருப்பை விட்டுவிட்டுக் கட்டுகிற சப்பாத்து வாங்கியிருக்கிறேன். பெரும்போகத்துக்குத் தண்ணீர் திறந்தபோது அகலமான வரம்புகளில் மட்டும் நடக்க விட்டார்கள், ஒடுங்கியவற்றை வேறொருவர் அளக்கிறார். ஆசுபத்திரி கிளினிக் கொப்பி என் பெயரில் இருக்கிறது. அடுத்த தவணை வரும் புதன்கிழமை, உம்மாவும் வருகிறார், தன் முழங்காலுக்கு.